பெரும் பள்ளத்தைச் சுற்றி ஒரு ரயில் பயணம்

ஜப்பானுக்குப் போய் ரயிலிலேயே சுற்றிவர நினைப்பவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நேரம் மிச்சமிருந்தால் ஹிரோஷிமா. நான்கும் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் தடத்தில் வரிசையாக இருப்பதால் திட்டமிடுவதில் சிரமம் இல்லை. இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்க்க முடிந்தால் எவற்றைச் சேர்க்கலாம் என்ற இடத்தில்தான் தயக்கம் வருகிறது. கனஸாவா, டக்கயாமா, நாரா என்று வழக்கமான பதில்கள் உண்டு. அவை நல்ல ஊர்கள்தாம். ஆனால் கோயில், கோட்டை, தோட்டம் ஆகியவற்றை மட்டும் பார்த்து ஊர் தேர்ந்தெடுத்தால், கியோட்டோவில் கண்டதையே சிறிய அளவில் மறுபடி காண நேரும். வேறொரு அளவுகோலை முன்வைக்க விரும்புகிறேன். நிலத்தைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவே, ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷு ஒருகாலத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பிளவு இன்றும் இருக்கிறது. அதன் விளிம்பு வழியாக ரயில் ஓடுகிறது. சில நிலையங்களில் இறங்கினால் அதை நடந்தே போய்த் தொடலாம்.

1964 அக்டோபர் 1 அன்று தொடங்கிய டொகாய்டோ ஷின்கான்சென் ஜன்னலிலிருந்து இதெல்லாம் தெரியாது. அதிவேக ரயிலால் கூர்மையாக வளைய முடியாது. அந்தத் தடத்தின் வளைவுகள் பொதுவாக 2,500 மீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் அமைக்கப்பட்டவை. பின்னர் வந்த தடங்களில் 4,000 மீட்டர். அவ்வளவு நேரான பாதைக்கு மலை வழிவிடாது என்பதால், குடைந்துகொண்டுதான் போக வேண்டும். 1,067 மில்லிமீட்டர் அகலமுள்ள பழைய தண்டவாளங்களோ ஆற்றைப் பின்தொடர்ந்து, பள்ளத்தாக்கோடு வளைந்து, கணவாயைத் தேடி ஏறின. ஜப்பானிய நிலத்தின் கதையைச் சொல்பவை இந்தப் பழைய பாதைகளே. நகரங்களுக்கு ஷின்கான்சென், நடுவில் நிறுத்தங்களுக்குப் பழைய பாதை என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பிளவு உண்டான கதை இது: சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை ஜப்பான் தனித் தீவாக இருக்கவில்லை; ஆசியக் கண்டத்தின் கிழக்கு ஓரமாக ஒட்டியிருந்தது. பிறகு அந்த ஓரம் கிழிந்து விலகத் தொடங்கியது. விலகிய இடத்தில் உண்டானதுதான் ஜப்பான் கடல். விலகும்போது தென்மேற்குப் பகுதி கடிகார முள் சுழலும் திசையிலும், வடகிழக்குப் பகுதி அதற்கு எதிர்த்திசையிலும் திரும்பின, இரட்டைக் கதவு திறப்பதுபோல. இரண்டு கதவுகளுக்கும் இடையே வாய்பிளந்த இடத்தில் கடல் புகுந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் எரிமலைகள் கொட்டிய சாம்பலும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் அதை நிரப்பின. அப்படி நிரம்பிய பள்ளத்துக்கு ஃபோஸா மாக்னா என்று பெயர். பெரும் பள்ளம் என்று பொருள். பழைய அடிப்பாறையைத் தொட வேண்டுமானால் சில இடங்களில் 6,000 மீட்டருக்கும் மேல் தோண்ட வேண்டும். ஃபியூஜி, யாட்சுகடாகே, அசாமா, மியோக்கோ ஆகிய எரிமலைகள் எழுந்து நிற்பது இந்தப் பள்ளத்துக்குள்தான். தென்பக்கம் பிலிப்பைன் கடல் தட்டின்மேல் நகர்ந்துவந்த இஸு தீபகற்பம் மோதி, அதுவும் இதனோடு ஒட்டிக்கொண்டது.

பள்ளத்தின் கிழக்கு விளிம்பு எது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மேற்கு விளிம்பு தெளிவானது. ஜப்பான் கடலோரம் உள்ள இட்டோயிகாவாவிலிருந்து பசிபிக் கரையின் ஷிஸுவோக்கா வரை தீவைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது அந்தக் கோடு.

இதை முதலில் உணர்ந்தவர் ஹைன்ரிச் எட்முண்ட் நௌமான் என்ற ஜெர்மானிய நிலவியலாளர். 1875-ல் ஜப்பானிய அரசின் அழைப்பில் வந்தபோது அவருக்கு வயது இருபது. அதே ஆண்டு நவம்பரில், புயல் ஓய்ந்த ஒரு காலையில், யாட்சுகடாகே மலையடிவாரத்தில் ஹிராசாவா என்னும் இடத்திலிருந்து தெற்கே பார்த்தார். கீழே அகன்று கிடந்தது ஒரு பள்ளம். அதற்கப்பால் தென் ஆல்ப்ஸ் மலைகள் சுவராக எழுந்து நின்றன. இது ஆறு அரித்த பள்ளத்தாக்கு அல்ல, நிலமே உடைந்த இடம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது.

அந்த ஹிராசாவாவுக்கு மிக அருகில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதனால்தான் என் முதல் பரிந்துரை நொபெயாமா. டோக்கியோவின் ஷின்ஜுக்குவிலிருந்து சூவோ பாதையில் கோபுச்சிஸாவா வரை விரைவு ரயில். அங்கே இறங்கி கோமி பாதையின் சின்ன டீசல் ரயிலில் ஏற வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,345.67 மீட்டர் உயரத்தில் இருக்கும் நொபெயாமாதான் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிலையங்களிலேயே உயரமானது. அதற்குச் சற்று முன்பு, 1,375 மீட்டரில், ஜேஆர் தண்டவாளத்தின் மிக உயர்ந்த புள்ளியைக் கடந்திருப்பீர்கள்.

இங்கே இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. 1982-ல் இயங்கத் தொடங்கியது. உயரமான இடம், வறண்ட குளிர்காலக் காற்று ஆகியவற்றால் விண்ணிலிருந்து வரும் அலைகள் காற்றின் ஈரத்தில் அதிகம் மங்குவதில்லை; சுற்றிலும் மலை அரண் இருப்பதால் நகரங்களின் வானொலி இரைச்சலும் இங்கே குறைவு. என்ஜிசி 4258 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தில் நீராவி மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதை முதலில் உணர்ந்தது இந்தக் கருவிதான். அமெரிக்க ரேடியோ தொலைநோக்கிகளின் துணையோடு 1995-ல் வெளியான அளவீடு, அவ்வளவு வேகத்தில் அவற்றைப் பிடித்துச் சுழற்றுவது பெரும் கருந்துளையாகத்தான் இருக்க முடியும் என்பதற்கு அன்றுவரை கிடைத்தவற்றிலேயே வலுவான சான்றாயிற்று. வளாகத்துக்குள் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம்.

கோமி பாதை வடக்கே இறங்கி, சாகுடைராவில் ஹொக்குரிக்கு ஷின்கான்சென்னைச் சந்திக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஒரு நிறுத்தம் திரும்பினால் கருயிஸாவா. அதற்கும் கீழே யோக்கோகாவாவுக்கும் இடையிலுள்ள உசுயி கணவாயில் 11 கிலோமீட்டருக்குள் 550 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 1,000 மீட்டருக்கு 66.7 மீட்டர் ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே 1893-ல் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும் ஆப்ட் முறையில் பாதை அமைத்தார்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் உருவாக்கிய அதே முறையில்தான் 1899 முதல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நம் மலைரயில் ஏறுகிறது. ஜப்பானில் 1963-ல் அந்தப் பல்வரிசையை நீக்கிவிட்டார்கள். 1997-ல் ஷின்கான்சென் வந்ததும் பாதையே மூடப்பட்டது. செங்கல் வளைவுப் பாலமும் சுரங்கங்களும் இன்று நடைபாதையாக இருக்கின்றன. நீலகிரி ரயிலை நேசிப்பவர்கள் இதற்கு அரைநாள் ஒதுக்கலாம். மற்றவர்கள் நேராக வடக்கே போகலாம்.

சாகுடைராவிலிருந்து இட்டோயிகாவா வரை ஷின்கான்சென்னில் போகும்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது. ஜப்பானின் கிழக்குப் பாதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60 ஹெர்ட்ஸ். 1890-களில் டோக்கியோ மின்நிறுவனம் ஜெர்மனியிலிருந்தும், ஒசாகா நிறுவனம் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர்களை வாங்கியதன் விளைவு இது. எல்லைக்கோடு ஏறத்தாழ இட்டோயிகாவாவிலிருந்து ஃபியூஜி ஆறு வரை, அதாவது பெரும் பள்ளத்தின் மேற்கு விளிம்புக்குப் பக்கத்திலேயே விழுகிறது. பிளவு எழுப்பிய மலைகள் மின்கம்பிகளையும் தடுத்து நிறுத்தின என்றே நினைக்கத் தோன்றுகிறது. குன்மா மாகாணத்தில் 50, நகானோவில் 60, நீகாட்டாவில் மறுபடி 50, இட்டோயிகாவாவைத் தாண்டினால் மறுபடி 60 என்று இந்தத் தடத்தில் மின்சாரம் மூன்று முறை மாறுகிறது. ரயில் வேகம் குறையாமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டு ஓடுகிறது. டொகாய்டோ ஷின்கான்சென்னில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே முழுத் தடமும் 60 ஹெர்ட்ஸ். டோக்கியோ பக்கத்தில் அலைவெண் மாற்றும் நிலையங்களை வைத்துச் சமாளிக்கிறார்கள். இந்தப் பிரிவினையின் விலை 2011 நிலநடுக்கத்தின்போது தெரிந்தது. கிழக்கில் மின்நிலையங்கள் நின்றுபோனபோது, மேற்கிலிருந்து மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் 10 லட்சம் கிலோவாட் மட்டுமே.

நகானோவைத் தாண்டியதும் 22 கிலோமீட்டர் நீளமுள்ள ஈயாமா சுரங்கம் வரும். இருட்டுதான், ஆனால் அப்போது நீங்கள் பள்ளத்தை நிரப்பிய இளம் வண்டலுக்குள் போய்க்கொண்டிருக்கிறீர்கள். தோண்டத் தோண்ட உப்பிக்கொண்டு வந்த அந்த மென்மையான பாறை, கட்டியவர்களைப் பெரிதும் அலைக்கழித்தது.

இட்டோயிகாவா. டோக்கியோவிலிருந்து நேரே வந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 2015-ல் ஷின்கான்சென் நிலையம் திறந்த பிறகும் இங்கே பெருங்கூட்டம் இறங்குவதில்லை. கனஸாவா போகிறவர்கள் ஏறும் ககயாக்கி ரயில் இங்கே நிற்காது; ஹகுடாக்காவில்தான் வர வேண்டும். நான் வேறெந்த ஊரையும்விட இதைத்தான் வற்புறுத்துவேன்.

இங்கிருந்து ஓயிட்டோ பாதையில் சில நிறுத்தங்கள் தள்ளி நெச்சி என்ற நிலையம். அங்கே இறங்கி நடந்தால் ஃபோஸா மாக்னா பூங்கா. மலைச்சரிவைச் சீவி, பிளவை வெளியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். மேற்கே இருப்பது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலான பாறை. கிழக்கே இருப்பது சுமார் 1 கோடி 60 லட்சம் ஆண்டுப் பாறை. நடுவே நசுங்கிக் குழைந்த ஒரு களிமண் பட்டை. ஒரு காலை மேற்கிலும் மறு காலை கிழக்கிலும் ஊன்றி நிற்கலாம். இரண்டு கால்களுக்கும் இடையே 23 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி. டைனோசர்கள் தோன்றியதும் அழிந்ததும் அந்த இடைவெளிக்குள்தான். புவியியல் பாடத்தில் எத்தனை படங்களைப் பார்த்திருந்தாலும், அந்தக் கோட்டின் அருகே நிற்பது வேறு.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமை ஜேட் கல். புவித்தட்டு ஒன்று மற்றொன்றின் அடியில் சொருகிக்கொள்ளும் ஆழத்தில், அழுத்தம் மிக அதிகமாகவும் வெப்பம் ஒப்பளவில் குறைவாகவும் இருந்தால்தான் அதன் கனிமமான ஜேடைட் உருவாகும். இங்குள்ள ஜேட் சுமார் 50 கோடி ஆண்டு பழமையானது. பிளவின் வழியே மேலே வந்து, ஆற்றில் உருண்டு, கடற்கரையில் ஒதுங்குகிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜோமோன் காலத் தொல்மக்கள் இதைத் துளையிட்டு அணிந்தார்கள். எட்டாம் நூற்றாண்டு வாக்கில் அந்த வழக்கம் மறைந்தது. கல் எங்கே கிடைக்கிறது என்பதும் மறந்துபோனது. புதைகுழிகளில் கிடைத்த பழைய ஜேட் அணிகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்றே அறிஞர்கள் வெகுகாலம் நம்பினார்கள். 1930-களின் இறுதியில் கொட்டாக்கி ஆற்றில் பாறைகள் கண்டெடுக்கப்பட்ட பிறகே அந்த எண்ணம் மாறியது. 2016-ல் ஜப்பானின் கனிமவியல் சங்கம் ஜேடை நாட்டின் கல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஆற்றுப் பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே கல்லை எடுக்கக் கூடாது. கடற்கரையில் ஒதுங்கியதைத் தேடலாம். காலை வேளையில் குனிந்த தலையோடு நடக்கும் உள்ளூர்க்காரர்கள் செய்வது அதைத்தான்.

நேரமிருந்தால் இட்டோயிகாவாவிலிருந்து ஜேஆர் அல்லாத கடலோரப் பாதையில் கிழக்கே சுட்சுயிஷி வரை போய்வாருங்கள். நிலையம் மலைக்குள், சுரங்கத்துக்குள் இருக்கிறது. மேலே வர ஏறத்தாழ 300 படிகள். பழைய பாதை கடலோரமாக ஓடியது. மலைச்சரிவுகள் அதைத் திரும்பத் திரும்பப் புதைத்தன. இறுதியில் 1969-ல் 11 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம் குடைந்து, தடத்தோடு நிலையத்தையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கைவிடப்பட்ட கடலோரத் தடம் இன்று சைக்கிள் பாதை.

இனித் தெற்கே, ஓயிட்டோ பாதையில் மாட்சுமோட்டோ வரை 105 கிலோமீட்டர். ஹிமே ஆற்றின் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ அந்தப் பிளவின் மேலேயே ஓடும் பாதை இது. காரணம் எளிமையானது. பிளவில் பாறை நொறுங்கியிருக்கும். நொறுங்கிய பாறையை ஆறு எளிதில் அரிக்கும். ஆறு அரித்த பள்ளத்தாக்கில் மனிதர்கள் வழி கண்டார்கள். உள்நாட்டு மலையூர்களுக்குக் கடலிலிருந்து உப்பைச் சுமந்து சென்ற பழைய உப்புப் பாதை இதுவே. பின்னர் அதே வழியில் ரயில் வந்தது. எளிதாக வழிவிடும் நிலம் எளிதாகச் சரியவும் செய்யும். 1995 ஜூலை வெள்ளத்தில் இந்தப் பாதை சிதைந்து, மீண்டும் முழுமையாக ஓட 1997 வரை ஆயிற்று.

மேற்கே வட ஆல்ப்ஸ் சிகரங்கள், கீழே சிறிய ஏரிகள் என்று ஜன்னல் காட்சி மாறிக்கொண்டே வரும். மாட்சுமோட்டோவின் கருநிறக் கோட்டையைப் பற்றி எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். நான் அங்கிருந்து கமிசுவாவுக்குப் போகச் சொல்வேன்.

சுவா ஏரி அமைந்திருப்பது நாட்டின் இரண்டு பெரும் பிளவுக்கோடுகள் சந்திக்கும் இடத்தில். நிலம் இருபுறமும் இழுபட்டதால் நடுவே தாழ்ந்து உண்டான பள்ளம்தான் ஏரியாயிற்று. கடும் குளிர்காலத்தில் ஏரி உறையும். இரவில் வெப்பம் இறங்கும்போது பனிக்கட்டி சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் நீர் ஏறி உறையும். பகலில் பனிக்கட்டி விரியும். விரிய இடமில்லாமல் அந்தக் கோட்டில் ஒன்றையொன்று நெருக்கி மேடாக எழும். ஏரியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நீளும் அந்த மேட்டை, தென்கரைக் கோயிலின் தெய்வம் வடகரையிலுள்ள தன் துணைவியைக் காணச் சென்ற தடம் என்று மக்கள் நம்பினார்கள். ஆகவே ஏரி உறைந்த நாளையும் மேடு எழுந்த நாளையும் ஷிண்டோ பூசாரிகள் 1443 முதல் குறித்துவருகிறார்கள்.

உலகின் மிக நீண்ட காலநிலைப் பதிவேடுகளில் ஒன்று அது. முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே மூன்று. 2005 முதல் 2014 வரையிலான பத்தே ஆண்டுகளில் ஐந்து முறை உறையவில்லை. 2018-க்குப் பிறகு தொடர்ந்து பல குளிர்காலங்களில் மேடு எழவில்லை. பூசாரியும் ஊராரும் ஜனவரி விடியலில் கரைக்கு வந்து வெப்பநிலையை அளப்பதையும், இல்லை என்று எழுதுவதையும் நிறுத்தவில்லை. பக்தியால் தொடங்கிய ஒரு குறிப்பு ஆறு நூற்றாண்டுகளாக விடாமல் எழுதப்பட்டு, இன்று புவி வெப்பமாதலுக்குச் சாட்சியாக நிற்பதைவிட மதிப்புள்ள காட்சி எந்தக் கோட்டையிலும் இல்லை என்பது என் கருத்து. கமிசுவா நிலைய நடைமேடையிலேயே வெந்நீர் ஊற்றில் கால் நனைக்கும் இடமும் உண்டு.

இங்கிருந்து ஷியோஜிரி திரும்பி, கிசோ பள்ளத்தாக்கு வழியே நகோயாவுக்கு இறங்கினால், கியோட்டோ அருகில்தான்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, டொகாய்டோ தடத்தை விட்டு விலக முடியாது என்பவர்களுக்கும் ஓரிடம் சொல்கிறேன். டொகாய்டோவின் பழைய பாதையில் அட்டாமிக்கு அடுத்த கன்னாமி. இரண்டுக்கும் இடையே 7.8 கிலோமீட்டர் டன்னா சுரங்கம். 1918-ல் ஏழு ஆண்டு வேலை என்று தொடங்கியவர்கள் 1934-ல்தான் முடித்தார்கள். 67 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பாறையிலிருந்து ஓயாமல் நீர் பீறிட்டது. 1930 நவம்பர் 26 அன்று நிலநடுக்கம் வந்தபோது, சுரங்கம் கடக்கும் பிளவு இரண்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. சுரங்கம் நீரை வடித்துவிட்டதால் மேலேயிருந்த டன்னா கிராமத்தின் நீர் வற்றியது. நெல் விளைந்த ஊர் பால்மாட்டுப் பண்ணை ஊராக மாறியது. அங்குள்ள பிளவுப் பூங்காவில், நேராக இருந்த கால்வாயின் கல்வரிசை அன்று வெட்டி நகர்ந்த நிலையிலேயே பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

சில நடைமுறைச் செய்திகள். நாடு முழுவதற்குமான ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு உயர்ந்தது. மெதுவான பாதைகளில் திரிபவர்களுக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாதாரண டிக்கெட்டில், பெருநகரப் புறநகர் வட்டங்களுக்குள் அடங்காத பயணமானால், வழியில் இறங்கி மறுநாள் அதே டிக்கெட்டில் தொடரலாம். தூரம் கூடக்கூடச் செல்லுபடியாகும் நாட்களும் கூடும். நிலைய அலுவலகத்தில் பாதையைத் தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். பெரிய பெட்டிகளைக் கூரியரில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டு, தோள்பையோடு போங்கள். நான் சொன்ன எல்லா ஊர்களையும் ஒரே பயணத்தில் அடைக்க வேண்டாம். இரண்டு போதும், ஒவ்வொன்றிலும் ஓர் இரவு.

ஒன்றுதான் முடியும் என்றால் இட்டோயிகாவா. அங்கிருந்து மினாமி-ஒட்டாரி வரையிலான ஓயிட்டோ பாதையில் நாளுக்கு மிகச் சில ரயில்களே ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பயணிகள் குறைந்துபோனதால் அந்தப் பகுதியின் எதிர்காலம் குறித்து ரயில் நிறுவனமும் உள்ளூர் அரசுகளும் பேசிக்கொண்டிருக்கின்றன. கால அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் ஓடும்போதே போய்வாருங்கள்.